எந்த ஷரத்து, சார்?

நான்கு வருடமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பாடம் நடத்திவந்தேன். “1966-இல் லக்சம்பர்க் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது ஐரோப்பியப் பொதுச் சந்தையின் உறுப்பு நாடுகளுக்கு வீட்டோ உரிமை கொடுத்தது.” பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், தேர்வில் அப்படியே திருப்பி எழுதினார்கள், நானும் மதிப்பெண் போட்டேன். ஐந்தாம் வருடம், கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சிலிருந்து எம்.ஏ. முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். “எந்த ஷரத்து, சார்?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வர ஒன்றரை வருடம் பிடித்தது. இடையில் வந்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் அவள், ‘இந்த உரிமைக்கான ஷரத்து காணப்படவில்லை’ என்று ஒரே வரி எழுதிவைத்திருந்தாள். ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

தேடல், பொதுச் சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 1957-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்ற ஆறு நாடுகள் போட்டுக்கொண்டது. அதன் 148-ஆவது ஷரத்து அமைச்சர்கள் மன்றத்தின் வாக்கெடுப்பைப் பற்றிப் பேசுகிறது. பெரிய மூவருக்கும் தலா 4 வாக்கு, பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. ஆக மொத்தம் 17. பொதுச் சந்தையின் நிர்வாக அமைப்பான ஆணையம் முன்வைக்கும் ஒரு திட்டம் தகுதிப் பெரும்பான்மையில் நிறைவேற 12 வாக்கு போதும். பென்சிலை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். பிரான்ஸ் முறைத்துக்கொண்டு போனாலும் மற்ற ஐவர் கையில் 13 இருக்கிறது. வீட்டோ தரும் ஷரத்தைத் தேடிப் போனவனுக்கு, வீட்டோ கிடையாது என்று சொல்லும் ஷரத்துதான் கிடைத்தது.

சரி, பிறகு வந்த ஏதோ திருத்தத்தில் இருக்கும் என்று அடுத்தடுத்த ஒப்பந்தங்களைப் புரட்டினேன். இல்லை. 1966-இன் அரசிதழில் வெளியான சட்டங்களுக்குள் தேடினேன். அங்கேயும் இல்லை. கடைசியில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வருடி இணையத்தில் வைத்திருக்கும் பழைய இதழ்களில், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் செய்தி இதழ், மார்ச் 1966 என்ற கோப்பில் ஆள் அகப்பட்டான். சட்டம், தீர்மானம் என்றெல்லாம் தலைப்பு ஒன்றும் இல்லை. கூட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கிற அறிக்கை.

பெரும்பான்மை வாக்கைப் பற்றிய பகுதி அதில் நான்கே வாக்கியம். நான்கையும் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒன்று: யாருக்காவது மிக முக்கியமான நலன் சம்பந்தப்பட்டிருந்தால், நியாயமான காலத்துக்குள் எல்லோரும் ஏற்கும் தீர்வைத் தேட முயல்வோம். இரண்டு: அப்படிப்பட்ட விஷயத்தில் ஒருமனதாக முடிவு வரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பிரெஞ்சுத் தூதுக்குழுவின் கருத்து. மூன்று: முழு உடன்பாடு வராவிட்டால் என்ன செய்வது என்பதில் ஆறு தூதுக்குழுக்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருப்பதைக் குறித்துக்கொள்கிறோம். நான்கு: இருந்தாலும் இந்த வேறுபாடு வழக்கமான வேலையைத் தொடரத் தடையாகாது.

இதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இதில் வீட்டோ என்ற சொல்லே இல்லை. தன்னை ஒப்பந்தம் என்று அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்து கூடி, ‘இவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம், எல்லோரும் வேலையைப் பாருங்கள்’ என்று எழுந்துபோன மாதிரி இருந்தது. நீதிமன்ற பாஷையில் சொன்னால், வாய்தா.

ஆனாலும் கையெழுத்துப் போட்ட மூலப்பிரதி எங்கோ இருக்கும் என்று மனம் அடம்பிடித்தது. வேறு வேலையாக இத்தாலி போக வாய்ப்பு வந்தபோது ஃபுளோரன்ஸில் சில நாள் கூட்டிக்கொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்று ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. நகருக்கு வடக்கே மேட்டில் நிற்கும் வில்லா சல்வியாத்தி என்ற பழைய மாளிகைக்கு 2012-இல் குடிவந்தது. ஆணையம், அமைச்சர்கள் மன்றம் ஆகியவற்றின் கோப்புகள் 30 வருடம் கழித்து அங்கே திறக்கப்படுகின்றன. 1958 முதல் 1987 வரை ஆணையத்தின் பொதுச்செயலாளராக இருந்த எமில் நோயலின் காகிதங்களும் அங்கே உண்டு. தலைவர்கள் வருவார்கள், போவார்கள். கோப்பு இவர் மேசையைத் தாண்டித்தான் போகும். அப்படிப்பட்டவர்களின் காகிதங்களை எந்தத் தலைவரின் நினைவுக்குறிப்பையும்விட நான் அதிகம் நம்புவேன்.

பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி. மூன்றாம் நாள் நான் தயங்கித் தயங்கி, “கையெழுத்திட்ட மூலம் எந்தப் பெட்டியில் இருக்கும்?” என்று கேட்டேன். எதிரே இருந்த காப்பாளர் அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “பத்திரிகை அறிக்கையில் யாராவது கையெழுத்துப் போடுவார்களா?” என்றார். அவர் சிரிக்கவில்லை, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது.

என் வாக்கியத்தில் ‘ஒப்பந்தம்’ போயிற்று, ‘கையெழுத்தானது’ போயிற்று. மிச்சம் ‘வீட்டோ உரிமை’. அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, சண்டை தொடங்கிய இடத்துக்கே போக வேண்டியிருந்தது.

விவசாயத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதை 1965 ஜூன் 30-க்குள் முடிவுசெய்தாக வேண்டும். ஆணையத் தலைவர் வால்டர் ஹால்ஸ்டைன் இந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டார். இறக்குமதித் தீர்வையும் சுங்க வரியும் நேரே சமூகத்தின் கஜானாவுக்கு வரட்டும். அந்தப் பணத்தின் மேல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் கிடைக்கட்டும். விவசாய நிதியும் இவையும் ஒரே பொட்டலம். பிரான்சுக்கு விவசாய நிதி வேண்டும், மற்ற இரண்டும் வேண்டாம். போதாக்குறைக்கு, அமைச்சர்கள் மன்றத்துக்கு முறைப்படி அனுப்பும் முன்பே மார்ச் 24 அன்று ஹால்ஸ்டைன் இதை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும் முன் ஊருக்குப் பத்திரிகை வைத்த கதை.

ஜூன் 30 இரவு பிரஸ்ஸல்ஸில் கூட்டம். தலைமை பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் கூவ் த முர்வில். இந்த இடத்தில் ஒரு கடிகாரம் வருகிறது. 1961 டிசம்பர் 31-க்குள் முடிக்க வேண்டிய விவசாயப் பேச்சு முடியாதபோது, கடிகாரத்தை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொண்டு 1962 ஜனவரி 14 வரை பேசி முடித்திருந்தார்கள். பேச்சு முடியும்வரை அவர்களுக்கு அது டிசம்பர் 31-தான். இந்த முறையும் அப்படித்தான் நடக்கும் என்று பலர் நினைத்தார்கள். கூவ் த முர்வில் கடிகாரத்தை நிறுத்த மறுத்தார். பின்னிரவு இரண்டு மணிவாக்கில் கூட்டத்தை முடித்துவைத்தார். அடுத்த சில நாளில் பிரான்ஸ் தன் நிரந்தரப் பிரதிநிதியைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏழு மாதம் அமைச்சர்கள் மன்றத்தில் பிரான்சின் நாற்காலி காலி. இப்படித்தான் இது ‘காலி நாற்காலி நெருக்கடி’ ஆயிற்று.

முழுக்கக் காலி என்றும் சொல்ல முடியாது. அன்றாட விஷயங்களில் எழுத்துமூல நடைமுறை வழியாகப் பிரான்ஸ் பங்கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை, ஆனால் பால் கணக்கு மட்டும் சீட்டில் எழுதிப் போகும், அதுபோல. கதவைச் சாத்தினார்களே தவிர, தாழ்ப்பாள் போடவில்லை. காப்பகத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விவரம் இது.

செப்டம்பர் 9 அன்று பிரெஞ்சு அதிபர் ஜெனரல் த கோல் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். அந்தப் படச்சுருள் கிடைக்கிறது. ஆணையத்தை நாடற்றவர்கள், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நிபுணர்கள் என்ற பொருளில் இளக்காரமாகப் பேசிவிட்டு, அசல் பயத்துக்கு வருகிறார். 1966 ஜனவரி 1 முதல் பொதுச் சந்தை மூன்றாம் கட்டத்துக்குள் நுழைகிறது. அதுவரை ஒருமனதாக எடுத்த பல முடிவுகள், விவசாயம் உட்பட, இனிப் பெரும்பான்மை வாக்குக்குப் போகும். நான் பென்சிலால் போட்ட அந்த 17, 12, 13 கணக்கை அவரும் போட்டிருந்தார்.

அவருக்கு வேண்டியது கோதுமையா, கௌரவமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆண்ட்ரூ மோராவ்சிக் கோதுமைக் கட்சி: எல்லாம் பிரெஞ்சு விவசாயியின் விளைச்சலை விற்கத்தான். அப்போதைய தகவல் துறை அமைச்சர் அலென் பேர்ஃபித் குறித்துவைத்து 1990-களில் வெளியிட்ட உரையாடல்களைப் படித்தால், அதிகாரம்தான் பேச்சு என்று தோன்றுகிறது. எனக்கு இந்த வழக்கில் பெரிய ஈடுபாடு இல்லை. கோதுமையே கௌரவமாக இருக்கிற நாட்டில் இரண்டையும் பிரித்து எடைபோட எந்தத் தராசு?

என் கவனத்தை இழுத்தது வேறு. 1965 டிசம்பரில் பிரான்சில் அதிபர் தேர்தல். மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பது 1848-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பெரிய விவசாயிகள் சங்கமான எஃப்.என்.எஸ்.இ.ஏ., த கோலுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒருங்கிணைப்பை வெளிப்படையாக ஆதரித்து ழான் லெகானுவே களத்தில் நின்றார். டிசம்பர் 5 அன்று முதல் சுற்றில் ஜெனரலுக்கு 44.6 சதவீதம்தான். மித்தரானுக்கு 31.7, லெகானுவேக்கு 15.6. பாதியைக்கூடத் தாண்ட முடியாமல் ஜெனரல் இரண்டாம் சுற்றுக்கு இழுபட்டார். அதில் 55 சதவீதம் வாங்கி ஜெயித்தார் என்றாலும், தொலைக்காட்சியில் தோன்றி வாக்குக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தார்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் துறையில் ஒரு பாடம் உண்டு. 1992 வரை ஐரோப்பிய ஒருங்கிணைப்பு மேல்மாடி விவகாரம், மக்கள் கண்டுகொள்ளவில்லை, தலைவர்கள் செய்வதைச் செய்யட்டும் என்று விட்டிருந்தார்கள். லிண்ட்பெர்க், ஷைன்கோல்ட் இருவரும் 1970-இல் இந்த மௌன சம்மதத்துக்கு ஒரு பெயரே வைத்தார்கள். அந்த வருடத்து மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது உடைந்தது, மக்களின் எதிர்ப்பு தலைவர்களின் கையைக் கட்டத் தொடங்கியது என்று ஹூகே, மார்க்ஸ் இணை 2009-இல் எழுதியது. பொதுவாகச் சரிதான். ஆனால் 1965-இல், நெருக்கடி வந்த ஆறே மாதத்தில், ஐரோப்பா நார்மண்டி விவசாயியின் வாக்குச்சீட்டுவரை இறங்கி வந்திருக்கிறது. பிறகு அதை மேல்மாடிக்குத் திருப்பி அனுப்பியது எது? அந்த நான்கு வாக்கியம்தான் என்று எனக்குப் படுகிறது.

1966 ஜனவரி 17, 18 தேதிகளில் ஒரு தடவை, மாதக் கடைசியில் மறுபடி ஒரு தடவை, லக்சம்பர்க்கில் கூடினார்கள். தலைமை லக்சம்பர்க் பிரதமர் பியேர் வெர்னர். ஆணையத்துக்கு அழைப்பில்லை. ஆணையம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பிரான்ஸ் பத்துக் கட்டளை கொண்டுவந்தது. பேசிப் பேசி அது ஏழானது. அந்த ஏழையும் படிக்கும்போது நெருக்கடியின் உள்புறம் தெரிகிறது. ஒன்று, முன்மொழிவுகளை அமைச்சர்கள் மன்றத்துக்குக் கிடைக்கும் முன் வெளியே சொல்லக்கூடாது. இது மார்ச் 24-க்குப் பழி. இன்னொன்று, வெளிநாட்டுத் தூதர்கள் தங்கள் நியமனப் பத்திரத்தை ஆணையத் தலைவரிடம் மட்டும் கொடுக்கக்கூடாது, அமைச்சர்கள் மன்றத் தலைவரும் கூட நிற்க வேண்டும். ஹால்ஸ்டைன் ஒரு நாட்டின் அதிபரைப் போலத் தூதர்களை வரவேற்றது ஜெனரலின் கண்ணை அவ்வளவு உறுத்தியிருக்கிறது.

பிறகு எல்லோரும் ஊருக்குப் போனார்கள். பாரிஸில், எங்களை மீறி இனி வாக்கெடுப்பு கிடையாது என்றார்கள். மற்ற ஐந்து தலைநகரங்களில், ரோம் ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றார்கள். இரண்டும் உண்மை. அதுதான் அந்தக் காகிதத்தின் கெட்டிக்காரத்தனம். ஹால்ஸ்டைன் 1967-இல் பதவியை விட்டுப் போனார். அதற்குப் பிறகு பல வருடம் வாக்கெடுப்பை யாரும் வற்புறுத்தவில்லை. மீன், பால், வெண்ணெய் எல்லாமே விடியவிடியப் பேசி முடிந்தன.

‘உரிமை’ என்ற சொல்லின் தடம் எனக்குக் கிடைத்தது இங்கிலீஷ் கால்வாய்க்கு அந்தப் பக்கம். 1971 மே மாதம் பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத், பாரிஸில் அதிபர் பொம்பிதுவைச் சந்தித்தார். அந்த ஜூலையில் பிரிட்டிஷ் அரசு, சமூகத்தில் சேர்வது பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஒரு நாடு தன் உயிர்நலன் சம்பந்தப்பட்டது என்று கருதினால் அந்த முடிவு ஒருமனதாகத்தான் இருக்கும் என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. 1966-இல் பிரான்சின் தனிக்கருத்தாக இருந்த இரண்டாம் வாக்கியம் ஐந்தே வருடத்தில் எல்லோருடைய வழக்கமாகிவிட்டது. மூன்றாம் வாக்கியம் காணாமல் போயிற்று.

1975-இல், சமூகத்தில் நீடிக்கலாமா என்று பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு. வீட்டுக்கு வீடு மூன்று துண்டுப் பிரசுரம் போனது: வேண்டும் தரப்புடையது, வேண்டாம் தரப்புடையது, அரசுடையது. அரசுப் பிரசுரத்தில், பிரிட்டனின் நலனுக்கு விரோதம் என்று தோன்றும் எந்தப் புதிய சட்டத்தையும் வரியையும் நம் அமைச்சர் வீட்டோ செய்யலாம் என்று பச்சையாகவே இருக்கிறது. ஷரத்து எண் இல்லை, எப்படி இருக்கும்? ஜூன் 5 அன்று 67.2 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். நான் வகுப்பில் சொல்லிவந்த வாக்கியம் இந்தப் பிரசுரத்தின் தூரத்துச் சொந்தம். யாரோ ஒரு பாடநூல் ஆசிரியர் வழியாக என் குறிப்பேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வாய்தா முடிந்த நாள் 1982 மே 18. பட்ஜெட்டில் தனக்குச் சேர வேண்டிய தள்ளுபடி கிடைக்கும்வரை விவசாய விலை உயர்வை விடமாட்டேன் என்று பிரிட்டன் மறித்து நின்றது. உயிர்நலன் என்றது. தலைமையில் இருந்த பெல்ஜியம் நேரே வாக்கெடுப்புக்கு விட்டது. பிரிட்டன், டென்மார்க், கிரீஸ் மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின, மற்றவர்கள் நிறைவேற்றிவிட்டார்கள். நிறைவேற்றியவர்களில் பிரான்சும் உண்டு. அப்போது அங்கே அதிபர் யார்? 1965-இல் ஜெனரலை எதிர்த்து நின்ற அதே மித்தரான். உயிர்நலன் என்றால் பேசுகிற விஷயத்திலேயே இருக்க வேண்டும், வேறொரு கணக்கைத் தீர்க்க இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது பிரெஞ்சு விளக்கம். ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் கரையிறங்க மூன்று நாள் இருந்தது. வீட்டில் அப்படி ஒரு நேரத்தில், வெளியே இப்படி ஒரு அடி.

மூன்று வருடம் கழித்து இன்னொரு வேடிக்கை. 1985 ஜூனில் தானிய விலையை 1.8 சதவீதம் குறைக்க வந்த திட்டத்தை, 1966-இல் பிரெஞ்சுக் கருத்தை ஏற்காத ஜெர்மனியே லக்சம்பர்க் அறிக்கையைச் சொல்லித் தடுத்தது. ஆணையம் தன் சொந்த அதிகாரத்தில் விலையைக் குறைத்துவிட்டது. அதே மாதக் கடைசியில் மிலான் உச்சி மாநாட்டில், ஒப்பந்தத்தைத் திருத்த மாநாடு கூட்டலாமா என்பதையே இத்தாலி வாக்குக்கு விட்டது. எதிர்த்தவர்கள் மறுபடி அதே மூவர்: பிரிட்டன், டென்மார்க், கிரீஸ். 1986-இன் ஒற்றை ஐரோப்பியச் சட்டம் அங்கிருந்து பிறந்தது.

இத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் 2015 செப்டம்பர் 22-ஐத் தாண்ட முடியவில்லை. இத்தாலியிலும் கிரீஸிலும் வந்திறங்கிய அகதிகளில் 1,20,000 பேரை மற்ற நாடுகளுக்குப் பிரித்து அனுப்பும் முடிவு. ஒருமனதாக வராது என்று தெரிந்தும் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். செக் குடியரசு, ஹங்கேரி, ருமேனியா, ஸ்லோவாக்கியா எதிர்த்தன, ஃபின்லாந்து வாக்களிக்கவில்லை, நிறைவேறியது. தலைமை வகித்தது லக்சம்பர்க். சட்டப்படி அப்பழுக்கில்லை. ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் போட்ட வழக்கை 2017 செப்டம்பர் 6 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அதற்குள் ஹங்கேரி அரசு 2016 அக்டோபரில் பொதுவாக்கெடுப்பே நடத்திவிட்டது. செல்லுபடியாகும் அளவுக்கு மக்கள் வரவில்லை. வந்தவர்களில் 98 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1966-இல் வாக்கெடுப்பைத் தவிர்த்துச் சண்டையை அறைக்குள் அடைத்தார்கள். 2015-இல் வாக்கெடுத்து ஜெயித்தார்கள். சண்டை தெருவுக்குப் போனது. இரண்டில் எது தேவலை என்று என்னைக் கேட்டால், கையெழுத்தில்லாத அந்த அறிக்கை முன்னளவுக்குக் கேவலமாக இப்போது எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் பாடக் குறிப்பை எடுத்து அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்தேன். மேலே எழுதினேன்: ‘1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் ஆறு நாடுகளும், தங்களுக்குள் உடன்பாடு இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு, வேலையைத் தொடர்ந்தன.’

அவள் அப்போது இறுதியாண்டு. தாழ்வாரத்தில் பார்த்ததும் நிறுத்தி, அந்த ஷரத்து விஷயம், தேடிப் பார்த்துவிட்டேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றேன். ஃபுளோரன்ஸ், நின்ற கடிகாரம், தூதர்களின் நியமனப் பத்திரம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்போ அந்த மூணு மார்க், சார்?”